சானல் எண்ணிக்கை என்னும் மயக்கம்

காதொலிக் கருவி வாங்கப் புறப்படுகிறவர் இன்று கடையில் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை சானல்?" என்பது. கடைக்காரர் பேச்சைத் தொடங்குவதும் அங்கிருந்தே. 4 சானல் கருவி ஏழைக்கு, 8 நடுத்தரக் குடும்பத்துக்கு, 16 வசதி படைத்தவருக்கு, அதற்கும் மேற்பட்டவை செலவைப் பொருட்படுத்தாதவருக்கு என்று ஒரு படிக்கட்டு கட்டப்பட்டு, மேற்படியில் ஏறி நிற்பவருக்கே பேச்சுத் தெளிவாகக் கேட்கும் என்னும் அபிப்பிராயம், படித்தவர் படிக்காதவர் என்ற பேதமின்றி எங்கும் வேரூன்றிவிட்டது. இந்த அபிப்பிராயம் பிழையானது. பிழை என்பதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். முதியவர்களின் சேமிப்பைக் கரைத்து, கரைத்த பின்னும் அவர்களைக் கேளாதவர்களாகவே வீட்டு மூலையில் உட்கார்த்தி வைக்கும் பிழையாக இது இருப்பதால், மறுத்து எழுதியே ஆகவேண்டும்.

மறுக்கப் புகுமுன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது நியாயம். அவர்கள் சொல்வது இது: மனிதச் செவி எல்லா ஒலிகளிலும் ஒரே அளவாகப் பழுதுபடுவதில்லை, தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்க, உயர்ந்த ஒலிகள் மங்கிப்போவதே முதுமையின் சுபாவம், ஆகவே வரும் ஒலியைச் சானல் என்னும் பல கூறுகளாகப் பிரித்து, கேள்வி குறைந்த இடத்தில் மிகுதியாகவும் குறையாத இடத்தில் சிறிதாகவும் பெருக்கித் தரும் கருவியே தக்கது, கூறுகள் கூடக்கூடக் காதின் குறைக்கு நுட்பமாகப் பொருத்தலாம், இரைச்சலை அடக்குவதும், கருவி 'கீ' என்று ஊளையிடுவதை நிறுத்துவதும் குறுகிய கூறுகளில் நடந்தால் பேச்சுக்குச் சேதம் குறையும், இவையெல்லாம் போக, உயர்ந்த கருவிகளில் வேறு வசதிகளும் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் ஒன்றையும் நான் பொய் என்று சொல்லவில்லை. சில கூறுகள் அவசியம் என்பதிலிருந்து, கூறு கூடக்கூட நன்மையும் கூடிக்கொண்டே போகும் என்பதற்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலில்தான் தருக்கம் கால் இடறி விழுகிறது.

இந்த மயக்கத்தில் நானும் விழுந்தவன். என் மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 6 சானல் கருவிகளை இரு காதுகளிலும் சில ஆண்டுகளாக அணிந்துவந்தார். 'சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை' என்பது அவருடைய ஓயாத முறையீடு. ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். "சார், ஆறு சானல்னா ஆறு ஜன்னல் வெச்ச வீடு. இது இருபது ஜன்னல். வெளிச்சம் எதுல ஜாஸ்தி வரும், நீங்களே சொல்லுங்க" என்றார் விற்பனையாளர். "போன காசு போகட்டும், வாங்கிடலாம் மாமா" என்று வற்புறுத்தியவன் நானே. ஒரு ஸ்கூட்டரின் விலையைக் கொடுத்து வாங்கி வந்து மூன்று மாதம் கழிந்த ஒருநாள், தாத்தாவிடமே உச்சரிப்புப் பழகிய என் மகள் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று 'வலி', 'வளி', 'வழி' என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு அந்த மூன்றையும் பிரித்துக் காட்டிய மனிதர் மூன்று முறையும் 'வலி' என்றே எழுதிக் காகிதத்தை நீட்டினார். அன்று இரவுதான், பெட்டிக்குள் எட்டாக மடிந்து கிடந்த தொழில்நுட்ப விவரத்தாளை முதன்முறையாக விரித்துப் படிக்க உட்கார்ந்தேன்.

1. அளந்து சரிபார்க்க இயலாத ஒன்றை அளவுகோலாகக் கொள்ளலாமா?

அந்த விவரத்தாளில் உள்ள இலக்கங்கள் பெரும்பாலும் சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60118 அல்லது அமெரிக்கத் தரமான ஆன்சி எஸ் 3.22 விதித்த முறைப்படி, மூடிய பெட்டிக்குள் கருவியை வைத்து, இன்ன அளவு ஒலியை உள்ளே செலுத்தினால் இன்ன அளவு வெளியே வருகிறது என்று அளந்து எழுதப்பட்டவை. எந்தப் பரிசோதனைச் சாலையிலும் மறுபடி அளந்து பொய்யா மெய்யா என்று பார்க்கத்தக்கவை. சானல் எண்ணிக்கை அப்படி அளக்கப்படும் பொருள் அன்று. அது உற்பத்தியாளர் தம் வாயால் சொல்லிக்கொள்ளும் செய்தி. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளை ஒருவர் எண்ணுகிறார்; உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும் தனித்தனி அமுக்கச் சுற்றுகளை இன்னொருவர் எண்ணுகிறார்; இரைச்சல் வடிகட்டியின் உட்பிரிவுகளையும் கணக்கில் சேர்ப்பவர் உண்டு. ஒரு கடையின் படியும் மற்றொரு கடையின் படியும் வேறு வேறு கொள்ளளவு உடையனவாயின், எட்டுப் படி பெரிதா பத்துப் படி பெரிதா என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 அக்டோபர் 17 முதல், லேசான அல்லது நடுத்தரக் கேள்விக்குறை உள்ள வயதுவந்தோர், சீட்டில்லாமல் கடையில் நேரே வாங்கிக்கொள்ளும் கருவிகளுக்கு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கருவியின் உச்ச ஒலி 111 டெசிபலைத் தாண்டலாகாது, உள்வரும் ஒலிக்கேற்ப அமுக்கும் ஏற்பாடு இயங்கினால் 117 வரை போகலாம். ஒலித்திரிபு 5 சதவீதத்திற்கு மேற்படலாகாது. கருவி தானே எழுப்பும் இரைச்சல் 32 டெசிபலைக் கடக்கலாகாது. ஒலி உள்ளே புகுந்து வெளியேறும் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 15 பங்குக்கு மிகலாகாது. 250 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலாவது கருவி வேலை செய்யவேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாக வகுத்த அந்த விதியில், இத்தனை சானல் இருக்கவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மருத்துவரும் இல்லாமல் வல்லுநரும் இல்லாமல் ஒரு மனிதர் தாமே வாங்கிக் காதில் வைத்துக்கொள்ளப் போகும் கருவிக்கு எவையெவை இன்றியமையாதவை என்று ஓர் அரசு பட்டியல் போடும்போது விட்டுப்போன குணத்தை, நம் கடைவீதி தலைமைக் குணமாகத் தூக்கி வைத்திருக்கிறது.

2. கூடக்கூட நன்மை கூடுகிறதா?

முழுவதும் எண்முறையில் இயங்கும் காதொலிக் கருவிகள் சந்தைக்கு வந்த 1996 இல், அவற்றுள் முன்னோடியான வைடெக்ஸ் சென்சோ 3 சானல்களோடு வந்தது. அன்று முதல் எண் ஏறிக்கொண்டே போகிறது. செவி அப்படியே இருக்கிறது. யண்ட், பக்கிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995 இல் வெளியிட்ட சோதனையில், 4 சானலிலிருந்து 8 சானலுக்குப் போனபோது இரைச்சலில் பேச்சை இனங்காணும் திறன் உயர்ந்தது. 8 லிருந்து 16 க்குப் போனபோது மேலும் உயரவில்லை. அதற்கு முன்பே, 1988 இல், ஹாலந்து நாட்டு அறிஞர் ரைனியர் பிளாம்ப் எச்சரித்திருந்தார். பேச்சின் பொருள், ஒலியின் மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையே உள்ள வேற்றுமையில் தங்கியிருக்கிறது. பல சானல்களில் தனித்தனியே, விரைவாக அமுக்கினால் மேடு தணிந்து பள்ளம் உயர்ந்து எல்லாம் சமதரையாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதன் காரணங்களை ஆராய்ந்தால், எதிர்த்தரப்பின் வாதம் தன் சொந்த அடித்தளத்திலேயே நிற்கவில்லை என்பது புலப்படும். நத்தை எலும்புக்குள் உள்ள வெளிமயிரணுக்கள் அழியும்போது, காது மெல்லிய ஒலிகளை இழப்பதோடு, அருகருகே உள்ள ஒலிகளைப் பிரித்தறியும் கூர்மையையும் இழக்கிறது. எத்தனை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி அனுப்பினாலும், வாங்கிக்கொள்ளும் காது அவற்றை மறுபடி ஒன்றாகக் குழைத்தே மூளைக்குத் தருகிறது. இன்னொன்று: செவிப் பரிசோதனையில் ஒவ்வொரு காதையும் 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000 ஹெர்ட்ஸ் ஆகிய 6 இடங்களிலும், வேண்டுமானால் இடையே மேலும் இரண்டு மூன்று இடங்களிலும் அளக்கிறார்கள். அளந்தவை எட்டு, திருப்புவதற்கு வைத்த கைப்பிடிகள் இருபது. மீதிக் கைப்பிடிகளை எதைப் பார்த்துத் திருப்புவது? பக்கத்து இரண்டு அளவுகளுக்கு இடையே உத்தேசமாகக் கோடிழுத்துத்தான். மூன்றாவதாக, ஒலியை எவ்வளவு குறுகிய கூறாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு அதிக நேரம் கருவி அதைக் கையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது பௌதிகத்தின் நியதி. தாமதம் மிகுந்தால் தன் குரலே தனக்கு இரட்டையாக, குடத்துக்குள் பேசினாற்போலக் கேட்கும். ஆகவே சானல் பெருக்கம் இலவசமாகக் கிடைக்கும் வரம் அன்று.

3. விலை உயர்ந்தால் கேள்வி உயருமா?

இதற்கு யூகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸும் அவருடைய சகாக்களும் இரண்டு பெரிய நிறுவனங்களின் உயர்தரக் கருவியையும் அடிப்படைக் கருவியையும் எடுத்து, எது எதென்று அணிபவருக்குத் தெரியாதபடி ஒவ்வொன்றையும் ஒரு மாதம் அணியச் செய்து, 2014 இலும் 2016 இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாக் கருவிகளும் உதவின. பேச்சைப் புரிந்துகொள்வதிலோ வாழ்க்கைச் சுகத்திலோ உயர்தரத்துக்கும் அடிப்படைக்கும் குறிப்பிடத்தக்க பேதம் தென்படவில்லை. ஒவ்வொரு கருவியையும் வல்லுநர்கள் அந்தந்தக் காதுக்கு அளந்து பொருத்தியிருந்தார்கள் என்பதை இங்கே மனத்தில் வைக்கவேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தார் பின்னர் செய்த ஆய்வில், பரிசோதனை அறைக்குள் உயர்தரக் கருவியின் திசை ஒலிவாங்கிகளுக்குச் சிறிது மேன்மை தெரிந்தது; அன்றாட வாழ்க்கையில் அந்த மேன்மை தெரியாமற்போயிற்று.

இவற்றைக் காட்டிலும் கண்ணைத் திறப்பது, இந்தியானாவில் லாரி ஹியூம்ஸ் 154 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2017 இல் வெளியிட்ட சோதனை. ஒரே கருவி, சிலருக்கு ஜோடி 600 டாலர் என்றும் சிலருக்கு 3,600 டாலர் என்றும் விலை சொல்லப்பட்டது. ஆறு மடங்கு கொடுத்தவருக்கு ஆறு மடங்கு வேண்டாம், சிறிதளவாவது கூடுதல் பலன் கிடைத்ததா என்றால், இல்லை. விலைக்கும் விளைவுக்கும் சம்பந்தமே காணப்படவில்லை.

4. உயிரான இலக்கங்கள் எவை, அவற்றை ஏன் யாரும் காட்டுவதில்லை?

மாமனாரின் செவி வரைபடத்தை விவரத்தாளின் பக்கத்தில் விரித்து வைத்தேன். வலக்காது, 500 ஹெர்ட்ஸில் 35 டெசிபல், 1,000 இல் 45, 2,000 இல் 60, 4,000 இல் 75. இந்த நான்கின் சராசரி ஏறத்தாழ 54. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 50 முதல் 65 க்குட்பட்ட குறை நடுத்தரத்தைக் கடந்து கடுமையை நெருங்கும் படி. இனித் தாளில் உள்ள ஒவ்வோர் இலக்கத்தையும் இந்த நான்கு எண்களோடு பேசவைத்தால் போதும்.

முதலில் பெருக்கம். 1944 இல் சாமுவேல் லைபார்கர் என்பவர் கண்ட எளிய கணக்கு ஒன்று உண்டு: குறையில் ஏறத்தாழப் பாதியளவு பெருக்கினால் அணிபவருக்கு இதமாக இருக்கும். இக்காலத்தில் ஆஸ்திரேலிய தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த சூத்திரங்கள் இதைக் காட்டிலும் நுட்பமானவை. ஆயினும் கடையில் நின்று நினைத்துப் பார்க்க லைபார்கர் கணக்கே போதும். 2,000 ஹெர்ட்ஸில் 60 குறை என்றால் பெருக்கம் 30; 4,000 இல் 75 என்றால் 37 அல்லது 38. முழு வீச்சில் கருவி தரக்கூடிய பெருக்கம் இதற்கு மேல் ஒரு 10 டெசிபல் கையிருப்போடு இருந்தால் சரி. தாளில் 48 என்று இருந்தது. போதும். 70 என்று இருந்தால் இவருக்கு அது மேன்மை ஆகாது. வேறொரு காதுக்கான கருவி என்றே பொருள்.

இரண்டாவது, ஓ.எஸ்.பி.எல். 90 என்று குறிக்கப்படும் உச்ச ஒலி. 90 டெசிபல் உரத்த ஒலியை உள்ளே செலுத்தி, பெருக்கத்தை முழுதும் திறந்துவிட்டால் கருவி அதிகபட்சம் எவ்வளவு வெளியிடும் என்பதே அது. பெரிய எண் நல்லது என்ற கொள்கை தன் ஆபத்தை வெளிப்படையாகக் காட்டும் இடம் இதுதான். டெசிபல் கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. 10 கூடினால் ஒலியாற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. பழுதுபட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஆனால் உரத்த ஒலி நமக்கு எங்கே வலிக்கிறதோ ஏறக்குறைய அங்கேயே அதற்கும் வலிக்கிறது. ஆகவே, சமையலறையில் எவர்சில்வர் தட்டு விழும்போது காதில் அறைவதைத் தடுக்கும் கூரையாக இந்த எண் அமையவேண்டும். தேவைக்கு மீறி 130 டெசிபல் தரும் கருவியை நடுத்தரக் குறையுள்ளவர் காதில் வைத்து, கட்டுப்படுத்தாமல் விட்டால், எஞ்சியுள்ள கேள்வியையும் அது தின்றுவிடக்கூடும். கூரை தாழ்ந்தும் இருக்கலாகாது. தாழ்ந்தால் உரத்த பேச்சு முட்டி நசுங்கி, கரகரத்துக் கேட்கும். மாமனாருக்கு வாங்கிய கருவியில் உச்சம் 114. தக்கதே.

மூன்றாவது, அதிர்வெண் எல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அறிந்தவர் மிகச் சிலர். '100 முதல் 7,200 ஹெர்ட்ஸ் வரை' என்று தாள் சொல்கிறது. அந்த எல்லை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது? 1,000, 1,600, 2,500 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் கருவி தரும் அளவைச் சராசரியெடுத்து, அதிலிருந்து 20 டெசிபல் கழித்து, அந்தத் தாழ்ந்த கோட்டை வளைகோடு எங்கெங்கே வெட்டுகிறதோ அவையே இரண்டு எல்லைகள். ஆக 7,200 இல் கருவி வேலை செய்கிறது என்பதன் பொருள், அங்கே அதன் வலிமை நடுவில் உள்ளதைவிட 20 டெசிபல் வீழ்ந்துவிட்டது என்பது. எல்லையின் எண்ணைப் பார்ப்பதைவிட வளைகோட்டின் வடிவத்தைப் பார்ப்பது மேல். ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. 'சீப்பு' என்பதன் தொடக்கத்திலுள்ள சீறலொலி அதற்கும் மேலே 4,000 ஐ ஒட்டியும் கடந்தும் இருக்கிறது. தமிழ் கேட்க விரும்புகிறவருக்கு அந்த இரண்டு இடங்களில் கோடு எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதே விஷயம்.

கருவியின் உள்ளிரைச்சலையும் ஒலித்திரிபையும் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இரண்டும் சிறிதாக இருப்பதே நன்று. இக்காலக் கருவிகளில் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கின்றன. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும் காதுடையவர் மட்டும் உள்ளிரைச்சலின் எண்ணைக் கவனித்துப் பார்க்கட்டும். அமைதியான அறையில் 'உஸ்' என்ற ஓசை அவருக்குத்தான் கேட்கும்.

இவ்வளவையும் பார்த்து முடித்தபின் பழைய 6 சானல் கருவியின் தாளையும் தேடியெடுத்தேன். பெருக்கம் 52, உச்சம் 118, எல்லை 6,500 வரை. மாமனாரின் காது அந்தக் கருவியின் வீச்சுக்குள்ளும் நன்றாக அடங்கியிருந்தது! அப்படியானால் இரண்டு கருவிகளிலும் சொல் கேட்காததற்குக் காரணம் என்ன?

5. பெட்டியில் அளந்தது காதில் செல்லுமா?

என் சந்தேகம் தீர்ந்தது இந்தக் கேள்வியில்தான். தாளில் உள்ள இலக்கங்கள் 2 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஓர் உலோகக் குழிவில் அளக்கப்பட்டவை. சில தாள்களில் காதுபோலச் செய்த மாதிரியில் அளந்த இன்னொரு பட்டியும் இருக்கும், அதில் எண்கள் பல டெசிபல் பெரிதாகவே தெரியும். விற்பனையாளர் எந்தப் பட்டியைப் படித்துக் காட்டுகிறார் என்று வாங்குகிறவர் அறிவதில்லை. உண்மையான காதோ இரண்டிலிருந்தும் வேறுபட்டது. கருவி பொருந்தியபின் செவிக்குழாயில் எஞ்சும் இடம் 2 கன செண்டிமீட்டரைவிடச் சிறியது; இடம் குறைந்தால் அதே ஒலி அதிக அழுத்தமாகிறது. குழந்தையின் காதில் இன்னும் சிறிய இடம், இன்னும் அதிக அழுத்தம். பெரியவருக்கு என்று எழுதிய எண்ணை நம்பிக் குழந்தைக்குப் பொருத்துவது அநியாயம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. மெல்லிய ரப்பர்க் குழலொன்றைச் செவிப்பறைக்கு அருகே செலுத்தி, கருவியை அணிவித்து, உண்மையில் அங்கே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து, சூத்திரம் விதித்த இலக்கோடு ஒப்பிட்டுத் திருத்துவதே அது. நிஜக்காது அளவீடு என்று அதைச் சொல்லலாம். சில நிமிஷ வேலை. நாங்கள் வாங்கிய கடையில் அது நடக்கவில்லை. கணினியில் நிறுவனம் வைத்திருந்த முதல் அமைவை ஏற்றி, 'கேக்குதா சார்?' என்று கேட்டு, கேட்கிறது என்றவுடன் பெட்டியை மூடிக் கொடுத்தார்கள். பின்னர் ஒரு செவியியல் வல்லுநர் குழலிட்டு அளந்தபோது, 3,000 ஹெர்ட்ஸில் ஒலி இலக்குக்கு 14 டெசிபல் கீழே நின்றது. அதாவது வலியும் வளியும் வழியும் பிரியவேண்டிய இடத்துக்கு மிக அருகில் 20 சானல்களும் மௌனமாக இருந்தன. கூட்டிப் பார்த்தார், கருவி ஊளையிட்டது. காதில் செருகியிருந்த சிறிய ரப்பர்க் குடையில் துளைகள் இருந்தமையால் ஒலி கசிந்து மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்ததே அதற்குக் காரணம். குடையை எடுத்துவிட்டு, காதின் அச்செடுத்து மோல்டு செய்து பொருத்தியபின், இலக்கைத் தொட்டது.

பழைய கருவியையும் அதே முறையில் சீர்செய்து தரும்படி கேட்டுக்கொண்டேன். என் மகள் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் நின்று 30 சொற்களைச் சொன்னாள். 20 சானல் கருவியில் 25 சரி. 6 சானல் கருவியில் 24. ஒரு மனிதரின் அனுபவம் விஞ்ஞானப் பிரமாணம் ஆகாது; ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எதைக் காட்டினவோ அதையே எங்கள் வீட்டுக் கூடத்திலும் நேரில் பார்த்தேன். அந்த ஸ்கூட்டர் விலையில் ஐந்திலொரு பங்குகூட ஆகியிராது, முதலிலேயே அளந்திருந்தால்.

6. இந்த மயக்கத்தால் நஷ்டமடைவது பணக்காரர் மட்டுமா?

அவர் பணத்தை இழக்கிறார்; ஏழை நம்பிக்கையையே இழக்கிறார். மத்திய அரசின் உதவித் திட்டத்தின் கீழும், மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வாயிலாகவும் காதொலிக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'கவர்ன்மெண்ட் மிஷின், சானல் கம்மி' என்று சொல்லி, அதை வாங்கிய வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கருவிக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல மோல்டும் அரைமணி நேரத் திருத்தமும், கிடைத்ததோ அவமதிப்பு. பிள்ளைகளால் 16 சானல் வாங்கித் தர முடியாது, ஆகவே தமக்குக் கேட்க வழியில்லை என்று நம்பி, திண்ணையில் தனித்து, கூப்பிட்டால் திரும்பாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! 'அம்மாவுக்குக் காது கேக்காது, விடு' என்று அவர்களைப் பேச்சிலிருந்தே விலக்கிவிடும் கொடுமைக்கு இந்தச் சானல் கணக்கும் ஒரு காரணமாகிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

எதிர்த்தரப்பில் எஞ்சியுள்ள வாதங்கள் இரண்டு. திசை ஒலிவாங்கி, சூழலுக்கேற்பத் தானே மாறும் அமைவு முதலியன உயர்ந்த வரிசையில்தான் கிடைக்கின்றன என்பது ஒன்று. சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓயாமல் போகவேண்டியவருக்குத் திசை ஒலிவாங்கி பயன்படும். அவர் அதன் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கட்டும். அடிப்படை வரிசையிலும் அது பல கருவிகளில் உண்டு. எதிரே இருப்பவரின் பேச்சைத் தூக்கிக் கொடுப்பது அந்த ஒலிவாங்கியே. அதற்குரிய புகழைச் சானலுக்கு மாற்றி எழுதலாகாது. துளையுள்ள குடையைக் காதில் செருகினால் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே உள்ளே புகுந்துவிடுவதால், அந்த ஒலிவாங்கியின் பயனில் பெரும்பகுதி போய்விடும் என்பதையும் கடையில் யாராவது சொல்லவேண்டும்.

மற்றொன்று, விவரத்தாள் வல்லுநருக்கு உரியது, சாமானியருக்கு விளங்காது, ஆகவே ஏதோ ஒரு எளிய எண் அவருக்கு வேண்டும் என்பது. இதை நான் சிறிதும் ஒப்பவில்லை. என் மாமியார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தாளில் உள்ள மின்செலவு 1.2 மில்லி ஆம்பியர். 312 என்ற பழுப்பு நிறப் பொட்டு பாட்டரியின் கொள்ளளவு சுமார் 160 மில்லி ஆம்பியர் மணி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 133 மணி. நாளொன்றுக்கு 12 மணி அணிந்தால் 11 நாள். இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். அன்று முதல் பாட்டரியின் ஒட்டுத்தாளை உரித்த தேதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் வலம், இடம் என்று தனித்தனியே பென்சிலால் குறித்து வருகிறார். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாப்பிள்ளே, எடப்பக்கத்துது அஞ்சே நாள்ல தீந்துடுத்து, வலப்பக்கத்துது நல்லா ஓடறது, மிஷின்லதான் ஏதோ இருக்கு, பாட்டரி மேல பழி போடாதீங்கோ" என்றார். வல்லுநர் இடக்கருவியைத் திறந்து காட்டினார். பாட்டரி வைக்கும் குழிவில் ஈரம் புகுந்து பச்சைப் பூத்திருந்தது.